மறுப்பும் அவப்புகழும்: தண்டனை பெற்ற இளைஞரின் உளநிலை குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

குற்றம் புரிந்த இளைஞன் இருவகையாகப் பேசக் காண்கிறோம். "நான் செய்யவில்லை" என்பது ஒருவகை. "ஆமாம், நான்தான் செய்தேன், என்னை யார் என்ன செய்துவிட முடியும்?" என்பது மற்றொரு வகை. முன்னதை மறுப்பு எனலாம். பின்னது அவப்புகழை நாடும் பேச்சு. மேலோட்டமாக நோக்குங்கால் இவை ஒன்றுக்கொன்று முரணானவை. ஒன்று ஒளிந்துகொள்ள விரும்புகிறது, மற்றொன்று ஊரறிய விரும்புகிறது. ஆயினும் பெரியோர் முன்னிலையில் மறுப்பவனே நண்பர் நடுவே அதனைப் பெருமையாகப் பேசுவதும் உண்டு. ஒரே உள்ளத்தில் இவ்விரண்டும் எங்ஙனம் குடியிருக்கின்றன? அவ்வுள்ளத்தைத் திருப்பிக் கொணர்வதில் சமுதாயத்தின் பங்கு யாது? இவ்வினாக்களை உளவியல் நோக்கிலும், தமிழ் பயில்வோர் என்னும் முறையில் மொழி நோக்கிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுவாய் மறையும் தொடர்கள்

தமிழில் ஒரு தொடரின் உறுப்புகள் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கிறோம். "நான் அவனை வெட்டினேன்" என்னும் தொடரில் மூன்றும் உள்ளன. குற்றம் புரிந்தவர் பேச்சில் இத்தொடர் வருவது அரிது. "வெட்டு விழுந்துவிட்டது", "கை நீண்டுவிட்டது", "ஏதோ நடந்துபோச்சு" என்றே பேச்சு அமையும். வெட்டு தானாக விழுவதில்லை. கை தானாக நீள்வதில்லை. ஆயினும் 'உடைத்தேன்' என்னும் இடத்தில் 'உடைந்தது' என்று சொல்லிச் செய்தவனைத் தொடரிலிருந்து விலக்கிவிட நம் மொழி எளிதில் இடந்தருகிறது. குவளையை உடைத்த சிறுவன் "உடைஞ்சிடுச்சு" என்று சொல்வதும் இவ்வகையே. ஆகவே மறுப்பு என்பது கொடியவர்க்கு மட்டுமே உரிய குணம் அன்று. மனிதர் அனைவரிடமும் வித்தாக உள்ளது என்பது புலனாகும்.

இதனை உளவியல், சமூகவியல் அறிஞர்கள் வகுத்துக் காட்டியுள்ளனர். அமெரிக்க அறிஞர்களாகிய கிரெஷம் சைக்ஸ், டேவிட் மாட்சா ஆகிய இருவரும் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், இளங்குற்றவாளிகள் தம் மனச்சான்றை அமைதிப்படுத்த ஐவகை உத்திகளைக் கையாளுகின்றனர் என்றனர். அவற்றை நம்மூர்ப் பேச்சில் வைத்துக் காண்பது பயன் தரும். "போதையில் இருந்தேன், எனக்கே தெரியாது" என்பது பொறுப்பை மறுத்தல். "சும்மா மிரட்டத்தான் போனோம், பெரிய காயம் ஒன்றுமில்லை" என்பது தீங்கை மறுத்தல். "அவனுக்கு அது வேண்டும்" என்பது பாதிக்கப்பட்டவரைப் பாதிக்கப்பட்டவராக ஏற்க மறுத்தல். "போலீஸ்காரர் மட்டும் யோக்கியரோ?" என்பது கண்டிப்பவரைக் கண்டித்தல். "நண்பனுக்காகப் போனேன், சாதிசனத்துக்காகப் போனேன்" என்பது உயர்ந்த பற்று ஒன்றைக் காரணமாகக் காட்டுதல்.

இவ்வைந்தனுள் எதுவும் அறம் என ஒன்று இல்லை என்று கூறவில்லை என்பது கூர்ந்து நோக்கற்பாலது. "கொலை செய்யலாம்" என்று எவரும் வாதிடுவதில்லை; "இது கொலையே அன்று" என்றோ, "இதற்கு நான் பொறுப்பல்லேன்" என்றோதான் வாதிடுகின்றனர். அறத்தை அறிந்திருப்பதனாலேயே சாக்கு தேவைப்படுகிறது.

மறுப்பு அனைத்தும் ஒன்றன்று

இங்கு இரண்டு தெளிவுகள் வேண்டும். முதலாவது, நீதிமன்றத்தில் குற்றத்தை மறுப்பது ஒவ்வொருவர்க்கும் உரிய சட்ட உரிமை. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகச் சான்று சொல்லுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவு. மறுப்பவர் உண்மையிலேயே குற்றமற்றவராக இருத்தலும் கூடும். ஆகவே நாம் ஆராயும் மறுப்பு, வழக்கு முடிந்து தீர்ப்பும் உறுதியான பின்னர் ஒருவன் தன் உள்ளத்தோடு நடத்தும் வழக்கைப் பற்றியதாகும்.

இரண்டாவது, மறுப்பவரெல்லாம் திருந்தாதவர் என்று கொள்ளுதல் பிழை. கனடா நாட்டு ஆய்வாளர் கார்ல் ஹான்சனும் மோனிக் பூசியேயும் பாலியல் குற்றவாளிகள் பற்றிய 61 ஆய்வுகளைத் தொகுத்து 1998ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குற்றத்தை மறுப்பதற்கும் மீண்டும் அக்குற்றம் புரிவதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு அத்தொகுப்பில் காணப்படவில்லை. இது பலர்க்கும் வியப்பளித்த முடிவு. மறுப்பின் அடியில் பலவேளை நாணம் இருக்கிறது. தாயின் முகத்தை நேரே காண இயலாதவன் "நான் செய்யவில்லை அம்மா" என்கிறான். பொய்யே எனினும், அச்செயலைத் தீயது என்று அறிந்த உள்ளம் அங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ஆதலின் மறுப்பைக் காட்டிலும் அஞ்சத்தக்கது, நாணம் விற்றுப் பெருமை வாங்கும் நிலையே ஆகும்.

பெயர் சூட்டும் ஊர்

அவப்புகழ் ஒருவன் தனித்து ஈட்டும் பொருளன்று. பிறர் கொடுக்க அவன் பெறுவது. பதினெட்டு வயதில் படிப்பிலும் தொழிலிலும் எந்தப் பெயரும் எடுக்காத இளைஞன், ஒரே இரவில் தெருவெல்லாம் அறிந்த பெயரினன் ஆகிறான். அவன் பெயருக்கு முன் ஊரோ தொழிலோ ஆயுதமோ அடைமொழியாகச் சேர்கிறது. சிறுவர் அஞ்சுகின்றனர், சிலர் வியக்கின்றனர். அதுவரை எவரும் காணாத தன்னை இப்போது எல்லாரும் காண்கின்றனர் என்பதே அவன் பெறும் கூலி.

இளமையில் சுற்றியிருப்பவரின் பார்வைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகிய அறிஞர்கள் 2005ஆம் ஆண்டில் ஆய்ந்து காட்டினர். 306 பேரை மூன்று வயதுப் பிரிவினராக்கி, கணினியில் வண்டியோட்டும் விளையாட்டு ஒன்றை விளையாடச் செய்தனர். சிலர் தனித்து விளையாடினர். சிலர் ஒத்த வயதினர் பார்த்திருக்க விளையாடினர். பார்ப்பவர் இருந்தபோது விடலைப் பருவத்தினரும் கல்லூரி வயதினரும் துணிந்து இடரை மேற்கொள்வது மிகுந்தது. வயது முதிர்ந்தவரிடம் அம்மாற்றம் அவ்வளவாக இல்லை. சென்னையில் பேருந்துத் தடங்களின் பெயரால் மாணவர் குழுக்களாகப் பிரிந்து, 'ரூட்டு தல' என ஒருவரைத் தலைவராக்கி, 2019 ஜூலையில் பட்டப்பகலில் ஓடும் பேருந்தில் கத்தியோடு மோதிக்கொண்ட நிகழ்ச்சியை ஈண்டு நினைவுகூரலாம். அங்கே வாங்கவோ விற்கவோ பொருள் ஏதுமில்லை. பார்ப்பவர் கண்ணே பொருள்.

இவ்வாறு வந்த பெயர் பின்னர்ச் சிறையாகிறது. தீயவன் என்று ஒருவனைச் சுட்டி, பிரித்து, ஓயாது அப்பெயராலேயே அழைத்துவந்தால் அவன் அதுவாகவே ஆகிவிடுகிறான் என்று ஃபிராங்க் டானன்பாம் 1938ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். இதற்கு நம் இலக்கணத்தில் ஒரு விளக்கம் உண்டு. 'கொன்றவன்', 'திருடியவன்' என்பன வினையாலணையும் பெயர்கள். அவை காலம் காட்டும். அவன் ஒரு காலத்தில் அதனைச் செய்தான் என்பதே அவற்றின் பொருள். 'கொலைகாரன்', 'திருடன்' என்பன காலம் காட்டாப் பெயர்கள். நேற்றும் இன்றும் நாளையும் அவன் அதுவே என்று அவை தீர்ப்பளிக்கின்றன. இறந்தகாலத்தில் முடிந்த ஒரு வினையை முடிவில்லாத பெயராக மாற்றிவிடுவதே அவப்புகழின் வேலை.

இரு வழக்குகள், இரு பெயர்கள்

தமிழ்நாடு நன்கறிந்த இரண்டு வழக்குகளை ஒப்புநோக்கினால் இக்கருத்து மேலும் விளங்கும்.

1980களின் பிற்பகுதியில் சென்னையில் நிகழ்ந்த ஆறு கொலைகளுக்காகத் தூக்குத்தண்டனை பெற்றவர் கௌரி சங்கர். அவரை அப்பெயரால் அறிந்தார் சிலரே. 'ஆட்டோ சங்கர்' என்றால் அறியாதார் இலர். சிறையில் அவர் எழுதியதாகக் கூறப்பட்ட தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தபோது, அப்படி ஒன்றை அவர் எழுதவில்லை என மறுத்ததாகச் சிறைத்துறை தெரிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொது ஆவணங்களில் உள்ள அளவிற்கு ஒருவர் வாழ்க்கையை அவர் இசைவின்றியும் வெளியிடலாம், அதற்கு அப்பால் செல்லின் அவரது அந்தரங்க உரிமையில் தலையிடுவதாகும் என 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. இந்திய இதழியல் வரலாற்றில் இத்தீர்ப்புக்குத் தனியிடம் உண்டு. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் இளைஞர் என்னும் வயதைக் கடந்தவரே. ஆயினும் அவர் கதையை ஆவலோடு படித்தவருள் இளைஞர் பலர். 2019ஆம் ஆண்டில் அது இணையத் தொடராகவும் வந்தது. கொல்லப்பட்ட அறுவரின் பெயர்களை இன்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மற்றொன்று 1996 நவம்பரில் அண்ணாமலை நகரில் நிகழ்ந்தது. இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் நாவரசு, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய பொன்னுசாமியின் மகன், பகடிவதையின்போது கொல்லப்பட்டார். மூத்த மாணவர் ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர் குற்றத்தை மறுத்தே வழக்காடினார். 1998 மார்ச்சில் கடலூர் அமர்வு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2001 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரல் 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விடுதலையை நீக்கித் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. குற்றவாளி, குற்றமற்றவர், மீண்டும் குற்றவாளி என்னும் மூன்று நிலைகளையும் ஒருவர் தம் இளமைக்குள்ளேயே கடக்க நேர்ந்த வழக்கு இது.

இவ்வழக்கை மக்கள் இன்றும் 'நாவரசு வழக்கு' என்றே அழைக்கின்றனர். இறந்தவர் பெயர் நின்றது. அதன் பயனாக 1996 டிசம்பரில் அவசரச் சட்டமும், தொடர்ந்து 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு பகடிவதைத் தடுப்புச் சட்டமும் பிறந்தன. கல்லூரிகளில் இன்று புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவர்க்கும் அச்சட்டம் காவலாக நிற்கிறது. முதல் வழக்கில் குற்றவாளியின் பெயர் நின்றது, அது கதையாயிற்று. இரண்டாம் வழக்கில் பாதிக்கப்பட்டவர் பெயர் நின்றது, அது சட்டமாயிற்று. மறுப்பு தொடரின் எழுவாயை மறைக்கிறது என்றோம். அவப்புகழ் மறைப்பது செயப்படுபொருளை. 'யார் செய்தான்' என்பது ஓங்கி ஒலிக்க, 'யாரைச் செய்தான்' என்பது மறைந்துவிடுகிறது.

சட்டம் தெரிந்தெடுத்த சொற்கள்

சொல்லின் வலிமையைச் சட்டம் இயற்றியோரும் உணர்ந்திருந்தனர். சிறாரைப் பெரியோர் சிறையிலிருந்து பிரித்து நடத்த, 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்திய மாகாணங்களுள் இதுவே முதலாவது. 1925ஆம் ஆண்டின் சென்னை போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம் வளரிளம் குற்றவாளிகளுக்கெனத் தனி நிலையங்களுக்கு வழிவகுத்தது. இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரே போர்ஸ்டல் என்பது. திருச்சிராப்பள்ளியை அடுத்துள்ள புதுக்கோட்டையில் இத்தகைய போர்ஸ்டல் பள்ளி ஒன்று நெடுங்காலம் பெயர்பெற்று விளங்கியது. சிறை என்னாது 'பள்ளி' என்று பெயரிட்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

2015ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டம் இவ்வழியில் மேலும் சென்றது. பதினெட்டு வயது நிரம்பாதவரை அது 'குற்றவாளி' என்று அழைப்பதில்லை. 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்றே குறிக்கிறது. குற்றம் சுமத்தும் சொற்களை நடவடிக்கைகளில் ஆளலாகாது என்பது அச்சட்டத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. அவர்கள் பெயரையும் அடையாளத்தையும் இதழ்களில் வெளியிடுதலை 74ஆம் பிரிவு தடை செய்கிறது. புதுவாழ்வு தொடங்க ஏதுவாகப் பழைய பதிவுகளை அழிக்கும் நெறியும் உண்டு. பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் கொடுங்குற்றம் புரிந்தால், முதற்கட்ட மதிப்பீட்டின் பின் பெரியோரைப் போல விசாரிக்கவும் அதே சட்டம் இடந்தருகிறது. எனவே பெயரை மறைத்தல் என்பது குற்றத்தை மன்னித்துவிடுதல் அன்று. செயலுக்குப் பொறுப்பு உண்டு, ஆனால் பெயர் அதிலேயே புதையலாகாது என்பதே கருத்து. பதினெட்டைக் கடந்த மறுநாளே இப்பாதுகாப்பு நீங்கிவிடுகிறது. கல்லூரி மாணவர் பெரும்பாலோர் இவ்வெல்லைக்கு அப்பால் உள்ளவரே என்பதை ஆசிரியராகிய நாம் மறத்தல் கூடாது.

அரங்கமும் குராசானும்

சட்டம் பிற்காலத்தில் கண்டதைச் சமய மரபுகள் முன்பே கண்டிருந்தன. காவிரிக்கு நடுவே நாம் நாள்தோறும் காணும் திருவரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். திருமங்கை மன்னர் அடியார்க்கு அமுதளிக்கும் பொருட்டு வழிப்பறி செய்தார் என்பது வைணவ மரபு. சைக்ஸும் மாட்சாவும் கூறிய ஐந்தாம் உத்தியாகிய 'உயர்ந்த பற்றுக்காகச் செய்தேன்' என்பது இதுவே. இறைவனையே வழிமறித்த இடத்தில் அவர் வாழ்வு திரும்பியது என்பர். அவர் பாடிய பெரிய திருமொழியின் முதற்பாட்டு, தன் பழைய வாழ்வைத் தன்மை ஒருமை இறந்தகால வினைமுற்றுகளால் தானே எடுத்துரைப்பதாக அமைந்துள்ளது. 'வாழ்வு அவ்வாறு கழிந்தது' என்று அவர் பாடவில்லை. எழுவாய் 'நான்', காலம் இறந்தகாலம்.

ஆண்டுதோறும் வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவில், இராப்பத்தின் எட்டாம் திருநாளன்று திருவரங்கக் கோயிலில் 'வேடுபறி' நிகழ்த்தப்பெறுகிறது. மன்னர் செய்த வழிப்பறியை ஊர் மறைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் காண நடித்துக் காட்டுகிறது. ஆயினும் அவரைக் கள்வர் என்னும் பெயரில் நிறுத்திவிடவில்லை. ஆழ்வார் என்று போற்றுகிறது. மறுப்பும் இல்லை, அவப்புகழும் இல்லை.

இஸ்லாமிய மரபிலும் இதற்கு இணை உண்டு. குராசான் பகுதியில் அபீவர்து, சரக்ஸ் ஆகிய ஊர்களுக்கிடையே வழிப்பறி செய்து வாழ்ந்தவர் ஃபுளைல் பின் இயாள் (ரஹ்). இறைமறை ஓதப்படக் கேட்டு மனம் திரும்பிய அவர், தாம் கொள்ளையிட்டவர்களைத் தேடிச்சென்று பொருளைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பு வேண்டினார் என்பது இறைநேசர் வரலாறு. பின்னர் மக்காவில் வாழ்ந்து ஹிஜ்ரி 187இல் மறைந்தார். தவ்பா என்னும் பாவமீட்சிக்கு அறிஞர் வகுத்த நிபந்தனைகள், பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்யேன் என உறுதிபூணுதல் ஆகியன. பாவம் மற்றொரு மனிதர்க்கு இழைத்ததாயின் அவர் உரிமையைத் திருப்பித் தருதல் நான்காவது. அதாவது மறைந்துபோன செயப்படுபொருளை மீண்டும் தொடரில் அமர்த்துதல்.

மேலும், செய்த பாவத்தைத் தானே பறைசாற்றித் திரிவதை நபிமொழி கடிகிறது. மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, தம் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோக வேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தமையையும் ஹதீஸ் நூல்கள் பதிவுசெய்துள்ளன. தண்டனை நிறைவேறியது, சாபப்பெயர் சேரவில்லை. நாணச் செய்து மீண்டும் சேர்த்துக்கொள்ளும் சமுதாயத்தில் குற்றம் குறையும், நாணச் செய்து ஒதுக்கும் சமுதாயத்தில் பெருகும் என்று ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பிரெய்த்வெயிட் 1989ஆம் ஆண்டில் எழுதிய நூலின் சாரமும் இதுவே ஆகும்.

நாம் செய்யத்தக்கவை

திருச்சி மத்தியச் சிறையிலிருந்தும் பிற சிறைகளிலிருந்தும் இளைஞர் பலர் தண்டனை முடிந்து வெளிவருகின்றனர். சிறையிலிருந்தே பொதுத்தேர்வு எழுதுவோரும் தொழில் பயில்வோரும் அவருள் உளர். அவர்கள் வந்து நிற்கும் வாயில்கள் நம்முடையவை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஷாட் மரூனா மேற்கொண்டு 2001ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஆய்வு, குற்றத்தை விட்டவர்க்கும் விடாதவர்க்கும் உள்ள வேறுபாட்டை அவர்தம் வாழ்க்கைக் கதைகளில் கண்டது. விடாதவர் தம் வாழ்வு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று கருதினர். விட்டவரோ தம்முள் நல்லவன் ஒருவன் என்றும் இருந்தான் என நம்பினர். அந்நம்பிக்கையைப் பிறர் எவரேனும் அவர்களிடம் முதலில் வைத்திருந்தனர்.

ஆகவே மாணவர்க்குக் கூறுவது இது: வகுப்புத் தோழன் ஒருவனின் அடிதடியைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அவனுக்குக் கூலி கொடுக்கிறோம். ஆசிரியர்க்குக் கூறுவது: தவறு செய்த மாணவனிடம் விளக்கம் எழுதி வாங்குங்கால், 'நிகழ்ந்தது' என்று எழுத விடாது, 'செய்தேன்' என்றும், யார்க்குச் செய்தான் என்றும் எழுதச் செய்தல் வேண்டும். எழுதியபின் அத்தாளைப் பிற வகுப்புகளில் எடுத்துப் பேசுதல் கூடாது. ஜமாஅத் பெரியோர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் கூறுவது: திரும்பி வந்தவனுக்கு வேலை கொடுங்கால் பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் நினைவிற் கொள்ளுங்கள். அவர்கள் கண்ணீர் காயுமுன் இவனுக்கு மாலையிட்டு வரவேற்றல் தகாது. அவர்கள் பொருட்டு இவன் வாயிலை என்றென்றும் அடைத்தலும் தகாது.

முடிவுரை

மறுப்பவனை அடித்துப் பணியவைத்து "செய்தேன்" என்று சொல்லவைப்பதால் உள்ளம் திரும்பிவிடாது. "நான் அவனுக்கு இத்தீங்கைச் செய்தேன்" என்னும் முழுத்தொடரை அவனே சொல்லும் நாள் வரவேண்டுமாயின், அத்தொடரைச் சொன்ன பின்னும் அவனுக்கு வேறொரு பெயர் மிஞ்சியிருக்கும் என்னும் உறுதி வேண்டும். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று ஒவ்வொருவர்க்கும் உண்டு. சிறையிலிருந்து வந்த இளைஞன் மளிகைக் கடையிலோ பள்ளிவாசல் வாயிலிலோ தேர்வுக்கூடத்திலோ நம் எதிரே நிற்கும்போது, அப்பெயரால் அவனை அழைப்போமாக. அவன் தன் பங்குக்குச் சொல்லவேண்டிய தொடர் அதன் பின்னரே வாயில் வரும்.